ரூபினுக்கு ஏற்ற மண்ணிறம்

ஆரணிக்காகப் பணம் கட்டிவைத்த சவாரிப் பாடங்கள் மீதமிருந்ததால்தான் வைதேகி முதன்முதலாகக் குதிரையில் ஏறினாள்.

ஆரணி அவளுடைய ஒரே மகள். பத்து வயதில் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பார்த்து, தானும் குதிரை ஓட்டப் பழக வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஹனோவரில் எஸ்-பான் ரயில் ஏறி பூர்க்டோர்ஃபில் இறங்கி, பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போனால் லூர்ஸ் என்ற பெண்மணியின் லாயம் வரும். சனிக்கிழமைதோறும் வைதேகி மகளை அங்கே கூட்டிப்போய், மைதானத்து வேலியோரம் பலகை வாங்கில் இருந்து பார்த்துவிட்டுக் கூட்டி வருவாள். மூன்று வருடம் அப்படி ஓடியது. 2004 வசந்தத்தில் ஒருநாள் திரும்பி வரும் வழியில் ஆரணி சொன்னாள்.

"அம்மா, எனக்கு இனி உது விருப்பமில்லை. நான் ஹேன்ட்பால் விளையாடப் போறன்."

"அப்ப கட்டின பாடங்கள்?"

"நீங்கள் போங்கோவன்."

மகள் பகிடிக்குத்தான் சொன்னாள். வைதேகி அடுத்த சனிக்கிழமை தனியே போனாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இருபது வயதில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவள். அன்ட்ராக் என்ற அகதி விண்ணப்பம் போட்டு, முகாமில் காத்திருந்து, மொழி படித்து, கடைசியில் செயற்கைப் பல் செய்யும் தொழிலுக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்திருந்தாள். லிண்டன் பகுதியில் ஒரு சிறிய பல் செய்யும் கூடத்தில் வேலை. முன்பல் ஒன்று உடைந்தவருக்குப் பக்கத்துப் பல்லின் நிறத்திலேயே இன்னொரு பல் செய்து கொடுக்க வேண்டும். பல் வெள்ளை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வைதேகியின் மேசையில் இருந்த மாதிரிப் பற்களில் ஒன்றுகூட வெள்ளை இல்லை. மஞ்சள் ஓடியது, சாம்பல் ஓடியது, வேரருகே தேநீர்க் கறை போல இருண்டது என்று விதவிதமாக இருந்தன. குழல் விளக்கில் ஒத்துப்போகும் நிறம் பகல் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவள் எதையும் ஜன்னலடிக்குக் கொண்டுபோய்த்தான் பார்ப்பாள். கண் களைத்தால் ஒரு சாம்பல் நிற அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி பார்ப்பாள்.

கணவன் செல்வரட்ணம் டயர் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிஃப்ட் செய்தான். மனைவி குதிரை ஏறுகிறாள் என்று கேட்டதும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"விழுந்தா ஆர் பாக்கிறது?"

"இன்சூரன்ஸ் இருக்கு."

"நான் உம்மைப் பற்றிக் கேட்டனான்."

 அவன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

லூர்ஸ் அம்மா அவளை ஏற்றிவிட்ட குதிரையின் பெயர் ரூபின். செந்நிறம். ஜெர்மன்காரர் அந்த நிறக் குதிரையை நரி என்றுதான் சொல்வார்கள். பிடரியும் வாலும்கூட அதே சிவப்பு. வயசாளிக் குதிரை, அவசரமில்லாதது, ஆனால் ஏறியிருப்பவர் தவறாக ஒன்று சொன்னால் நின்றுவிடும். வைதேகிக்கு அது பிடித்தது. கட்டிய பாடங்கள் முடிந்தபின்னும் அவள் வருவதை நிறுத்தவில்லை. மறுவருடம் லூர்ஸ் அம்மாவோடு ஓர் ஒப்பந்தம் வந்தது: வாரத்தில் மூன்று நாள் ரூபினைக் கவனிப்பதும் ஓட்டுவதும் வைதேகியின் பொறுப்பு.

அவள் பழகியது டிரெசூர் என்ற வகைச் சவாரி. தடை தாண்டுவதோ பந்தயம் ஓடுவதோ இதில் இல்லை. ஒரு நீள்சதுர மணல் மைதானத்துக்குள் குதிரை நடக்க வேண்டும், ஓட வேண்டும், வட்டம் போட வேண்டும், சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். ஏறியிருப்பவர் என்ன சொல்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. தொடையாலும் கெண்டைக்காலாலும் உட்காரும் விதத்தாலும் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து கடுகளவு பீங்கானைச் செதுக்குகிறவளுக்கு, உடம்பு முழுவதையும் கொண்டு ஒரு சிறிய விஷயம் சொல்வது புதிதாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது கால்கள் நடுங்கும். அந்த நடுக்கம் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஊர்ச் சனத்துக்கு விஷயம் தெரிய அதிக நாள் எடுக்கவில்லை. ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டு மண்டபத்தில் புஸ்பவதி அக்கா சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்திருந்தாள்.

"இந்த வயசில குதிரை ஓடுறீராம், மெய்யே?"

"ஓம் அக்கா."

"உமக்கென்ன குறை? வீடு இருக்கு, பிள்ளை இருக்கு."

"குறை ஒண்டும் இல்லை அக்கா. அதுதான் ஓடுறன்."

புஸ்பவதி அக்கா அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாளா, பகிடி என்று எடுத்துக்கொண்டாளா தெரியாது. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டாள்.

2006 இலையுதிர் காலத்தில் லூர்ஸ் அம்மா, "அடுத்த கோடையில் நம் சவாரிக் கழகத்துப் போட்டியில் நீ இறங்கலாம்," என்றாள். அத்துடன் இன்னொன்றும் சொன்னாள். ரூபினின் பழைய சேணத்தில் உள்சட்டம் முறிந்துவிட்டது; புதிதாக ஒன்று வேண்டும்; அதிகம் ஓட்டுகிறவள் நீதான், நீயே தேர்ந்தெடு.

கழகத்தில் எல்லோருடைய சேணமும் கறுப்பு. கடிவாள வார்களும் கறுப்பு, பூட்ஸும் கறுப்பு. விதியில் அப்படி ஒன்றும் இல்லை. மண்ணிறத் தோலுக்குத் தடை கிடையாது. டிரெசூர் என்றால் கறுப்பு என்பது வழக்கமாகிப் போயிருந்தது, அவ்வளவுதான். வைதேகி சவாரிச் சாமான் கடைக்குப் போய் இரண்டு கடிவாளங்களை இரவல் வாங்கி வந்தாள். முற்றத்தில் நல்ல வெளிச்சத்தில் ரூபினை நிறுத்தி, முதலில் கறுப்பை மாட்டினாள். சிவந்த முகத்தில் யாரோ மையால் கோடு கிழித்தது போல் இருந்தது. கழற்றிவிட்டு, வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த சாம்பல் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மண்ணிறத்தை மாட்டினாள். கோடுகள் காணாமல் போயின. ரூபினின் முகம் மட்டும் இருந்தது.

"மண்ணிறம்," என்றாள்.

லூர்ஸ் அம்மா வேலியில் சாய்ந்து நின்று யோசித்தாள். கடுமையான பெண் இல்லை. நினைத்ததைச் சொல்கிற பெண்.

"வைதேகி, கறுப்பில் ஒரு வசதி உண்டு. எந்தக் கறுப்பும் எந்தக் கறுப்போடும் சேரும். மண்ணிறம் அப்படியில்லை. சேணம் ஒரு நிறம், வார் ஒரு நிறம், பூட்ஸ் ஒரு நிறமானால் பார்க்கச் சகிக்காது. அதுவுமில்லாமல், முதல் போட்டியிலேயே வித்தியாசமாக வந்தால் எல்லோரும் உன்னைத்தான் பார்ப்பார்கள்."

"நான் கறுப்புப் பூட்ஸ் போட்டு வந்தாலும் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்," என்றாள் வைதேகி.

லூர்ஸ் அம்மா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அது சரிதான்," என்றாள்.

ஆனால் அன்று பாடம் முடிந்தபின் லூர்ஸ் அம்மா வீடியோ கமராவைக் கொண்டுவந்து, பாடத்தின்போது எடுத்ததைச் சின்னத் திரையில் போட்டுக் காட்டினாள். வைதேகி அன்று போட்டிருந்தது கழகத்து அலுமாரியில் கிடந்த கறுப்பு ரப்பர் பூட்ஸ். சிவப்புக் குதிரையின் விலாவில் அந்தக் கறுப்புக் கால்கள் இரண்டும், குதிரை ஓடும் ஒவ்வோர் அடிக்கும், தையல் மெஷின் ஊசி போல ஆடிக்கொண்டிருந்தன. தன் கால் அசைவதே அவளுக்கு அதுவரை தெரியாது.

"கறுப்பு எல்லாவற்றையும் காட்டும்," என்றாள் லூர்ஸ் அம்மா. "நீ மண்ணிறப் பூட்ஸ் போட்டால் இதில் பாதி கண்ணுக்குத் தெரியாது. குதிரையின் நிறத்தோடு போய்விடும். பழகுகிறவளுக்கு அது நல்லதுதான். நான் குறையாகச் சொல்லவில்லை."

வைதேகி அந்தத் துண்டை மறுபடி போடச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அழகுக்காக எடுத்த முடிவை, கால் ஆட்டத்தை மறைக்க எடுத்த முடிவு என்று யாரும் நினைக்கலாம். யாரும் நினைக்காவிட்டாலும் அவளே நினைப்பாள். பல் கூடத்தில் ஒரு பல்லில் வெடிப்பு இருந்தால், மேலே மினுக்கம் பூசி அனுப்பிவிடலாம்; ஒரு வருடம் தாக்குப் பிடிக்கும். அவள் அப்படி அனுப்பியதில்லை.

சேணத்தையும் வாரையும் மண்ணிறத்தில் எடுத்தாள். பூட்ஸை மட்டும் எடுக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கறுப்பு ரப்பர் பூட்ஸிலேயே ஓட்டினாள். கூரை போட்ட உள் மைதானத்தில், கால் வைக்கும் அங்கவடிகளைக் கழற்றிவிட்டு, கால்களைத் தொங்கவிட்டு ஓட்டினாள். தொடை இறுக்கத்தை விட வேண்டும், மூச்சை விட வேண்டும் என்று லூர்ஸ் அம்மா நடுவில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பாள். மாதத்துக்கொரு முறை வீடியோ. ஜனவரியில் கால்கள் ஆடின. பெப்ரவரியிலும் ஆடின. ஏப்ரலில் ஒருநாள் திரையைப் பார்த்தபோது, ரூபின் ஓடுகிறது, கறுப்புக் கால் இரண்டும் அதன் விலாவில் கிடக்கின்றன. அசையவே இல்லை என்று சொல்ல முடியாது. மூச்சு வாங்குகிற அளவுக்கு அசைந்தன.

"இனி எந்த நிறமும் போடு," என்றாள் லூர்ஸ் அம்மா.

கடைகளில் இருந்த பூட்ஸ் எதுவும் வைதேகிக்குச் சேரவில்லை. பெரியவர்களுக்கானது முழங்காலுக்குமேல் ஏறியது. சிறுமிகளுக்கானது கெண்டைக்காலில் இறுகியது. ஆகவே அளவெடுத்துப் பூட்ஸ் தைக்கும் ஒருவரிடம் போனாள். சேணத்தின் அடியில் இருந்து வெட்டியெடுத்த ஒரு சிறு தோல் துண்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, இந்த நிறம் என்றாள். அவர் தலையாட்டினார். போட்டிக்கு முந்தின வாரம் பூட்ஸ் தயாரானது. அவர் கடையிலேயே பெட்டியைத் திறந்து காலில் போட்டுப் பார்த்தாள். அளவு அச்சொட்டாக இருந்தது. நிறம், வெளிறின தேன் நிறம்.

"பிரவுன் பிரவுன்தானே," என்றார் அந்த மனிதர், உண்மையாகவே விளங்காமல்.

மறுபடி தைக்க நேரமில்லை. லூர்ஸ் அம்மா, பேசாமல் கறுப்புப் பூட்ஸையே போட்டு ஓட்டு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றாள். வைதேகி தோல் சாயம் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பால்கனியில் பழைய பேப்பர் விரித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைச் செல்வரட்ணம் கண்டான்.

"என்ன செய்யிறீர்?"

"சப்பாத்துக்குச் சாயம் பூசிறன். உங்களுக்கு நித்திரை வந்தா படுங்கோ."

அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பூட்ஸின் நீண்ட கழுத்து சரிந்து சரிந்து விழுந்துகொண்டிருந்தது. ஒரு கையால் பிடித்து ஒரு கையால் பூசினால் திட்டுத் திட்டாக வந்தது. அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே குந்தினான்.

"தாரும். நான் பூசிறன், நீர் நிறத்தைப் பாரும்."

அப்படித்தான் பூசினார்கள். அவன் பஞ்சால் பூச, அவள் சேணத் துண்டைப் பக்கத்தில் பிடித்து, இன்னும் கொஞ்சம், போதும், காயட்டும் என்றாள். கையுறை போடச் சொல்லியும் அவன் கேட்கவில்லை. முதல் பூச்சு ஆரஞ்சாக நின்றது. இரண்டாவதில் அடங்கியது. மூன்றாவது காய்ந்தபோது சேணத்தைவிட ஒரு சாயல் சிவப்பு. வைதேகி பால்கனியின் வடக்கு மூலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"சரி வந்திட்டுதோ?"

"சரியில்லை. ஆனா குதிரைக்குப் பக்கத்தில சரியா இருக்கும்."

"நான் போட்டிக்கு வரட்டோ?" என்று அவன் கேட்டான். மூன்று வருடத்தில் அவன் ஒருமுறைகூட லாயத்துப் பக்கம் வந்ததில்லை.

"வாங்கோ," என்றாள்.

போட்டி நாள் ஜூன் மாத வெக்கை. புழுக்கம் தாங்காமல் குதிரைகள் நிற்கும்போதே வியர்த்தன. செல்வரட்ணம் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்து, குதிரைகளிலிருந்து பாதுகாப்பான தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றான். வைதேகி கருநீலக் கோட்டும் வெள்ளைக் காற்சட்டையும் போட்டு ரூபினில் உள்ளே வந்தபோது, வேலியோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கறுப்பும் வெள்ளையுமாக வந்துபோன வரிசைக்கு நடுவில், சிவப்புக் குதிரையும் மண்ணிறத் தோலும் ஒரே துண்டாக வந்தன. அவள் அதைக் கவனிக்கவில்லை. முதல் வட்டம் கொஞ்சம் முட்டை வடிவமானது. இரண்டாவது சரியாக வந்தது. பாய்ச்சலில் ரூபின் ஒருமுறை பிந்தியது. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. அவள் வணங்கி, கடிவாளத்தைத் தளர்த்தி வெளியே வந்தாள். முகம் தீயாய் எரிந்தது, சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

வெளியே இறங்கினதும் மேற்பார்வைக்காரர் ஒருவர் நெருங்கினார். ஒவ்வொரு குதிரையையும் ஓட்டம் முடிந்தபின் பார்ப்பது அவர் வேலை. வெள்ளைத் துணியால் ரூபினின் விலாவை, கால் படும் இடத்தில் துடைத்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். அதில் செம்பழுப்பாக ஒரு தீற்று.

அவர் முகம் மாறியது. மறுபக்கம் துடைத்தார். அங்கேயும் அதே.

"இரத்தம்," என்றார். "குதிரையைக் குத்தியிருக்கிறீர்கள்."

"என் குதிகாலில் குத்துகிற முள்ளே இல்லை," என்றாள் வைதேகி, குதிகாலைத் தூக்கிக் காட்டி. "அது பூட்ஸின் சாயம். வியர்வையில் கரைந்திருக்கிறது."

அவர் நம்பாதவர் போலவும் இல்லை, நம்பியவர் போலவும் இல்லை. மிருக வைத்தியரைக் கூப்பிடச் சொன்னார். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவன் எட்டிப் பார்த்தான். யாரோ ஒரு பெண், பாவம் குதிரை என்றாள். வைதேகிக்கு, இந்த நாட்டுக்கு வந்த புதிதில், முகாமில், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி நின்ற ஒரு விசாரணை மேசை ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான், உண்மை சொல்லும்போதே குரல் பொய் போலக் கேட்டது. ரூபினின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வரட்ணம் வந்தான். குதிரைக்கு அவ்வளவு கிட்ட அவன் வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கைகளையும் அந்த மனிதரின் முகத்துக்கு நேரே நீட்டினான். ஒவ்வொரு நகத்தைச் சுற்றியும், விரல் ரேகைகளுக்குள்ளும், அதே செம்பழுப்பு. ஒரு வாரம் சோப்புப் போட்டும் போகாதது.

"நான்தான் பூசினேன்," என்றான் ஜெர்மனில். "பால்கனியில். ஞாயிற்றுக்கிழமை. இது இரத்தம் என்றால் நான் செத்திருக்க வேண்டும்."

மேற்பார்வைக்காரர் விரல்களைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வைத்தியப் பெண் வந்து, ஈரத் துணியால் விலாவை நன்றாகத் துடைத்து, மயிரை விலக்கித் தோலைப் பார்த்தாள். கீறல் ஒன்றுமில்லை. பிறகு வைதேகியின் பூட்ஸில் துணியை ஓர் இழுப்பு இழுத்தாள். அதே நிறம்.

"சாயம்தான்," என்றாள். "நல்ல நிறம். ஆனால் குதிரை நக்குவதற்குமுன் கழுவிவிடு."

மேற்பார்வைக்காரர் மன்னிப்புக் கேட்டார். தன் கடமை அது என்றும் சொன்னார். வைதேகி, தெரியும் என்றாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தது, பாவம் குதிரை என்ற அந்தக் குரல்மேல்தான். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியவும் இல்லை.

அவளுக்குப் பரிசு ஏதும் கிடைக்கவில்லை. நடுவர் எல்லாப் போட்டியாளருக்கும் இரண்டொரு வார்த்தை சொன்னார். வைதேகியிடம் வட்டங்களைக் கவனிக்கச் சொன்னார். கால் அமைதியாக இருந்தது என்றார். லூர்ஸ் அம்மா பின்னால் நின்று அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

லாயத்து முற்றத்தில் ரூபினைக் கழுவும்போது கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. செல்வரட்ணம் பிடித்தான், கையை நன்றாக நீட்டி.

"கடிக்குமோ?"

"கடிக்காது."

"இப்ப என்ன பாக்குது?"

"உங்கடை சேர்ட்டில வியர்வை. உப்புக்குப் பாக்குது."

"எண்டாலும் அந்தாள் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"அந்தாள் தன்ரை வேலையைச் செய்தவர்."

"நீர் ஏன் பேசாமல் நிண்டனீர்?"

வைதேகி ஹோஸை மறுபக்கம் கொண்டுபோனாள். தண்ணீர் கொஞ்ச நேரம் செம்பழுப்பாக ஓடி, பிறகு தெளிந்தது.

"ஒருக்காச் சொன்னனான். இரண்டாந்தரம் சொல்ல எனக்கு மனம் வரேல்லை," என்றாள்.

அவன் தலையாட்டினான். அதற்குப்பின் அவள் போன எல்லாப் போட்டிக்கும் அவன் வந்தான். ஷிஃப்ட் இடித்தால் மாற்றிக்கொண்டான்.

பூட்ஸை அந்தத் தையல்காரர் திரும்ப வாங்கி, முறைப்படி சாயம் ஏற்றிக் கொடுத்தார். இரண்டு கோடை அவள் ரூபினில் அதே மண்ணிறத்தில் ஓட்டினாள். அடுத்த படிப் போட்டிக்கும் போனாள். ஒருமுறை மூன்றாவதாக வந்தாள். கழகத்தில் செந்நிறக் குதிரை வைத்திருந்த இன்னொருத்தி, எங்கே வாங்கினாய் என்று வந்து விசாரித்தாள்.

2009இல் ரூபினின் முன்கால் மூட்டு வீங்கத் தொடங்கியது. லூர்ஸ் அம்மா அதை ஓட்டுவதை நிறுத்தி, வயலில் விட்டுவிட்டாள். வைதேகிக்கு வேறொரு குதிரை கிடைத்தது; நல்ல கருங்குதிரை, இளசு, எதற்கும் மிரளும். அதன் முதுகு அகலம். ரூபினின் சேணம் அதற்குப் பொருந்தவில்லை. லாயத்தில் இருந்த கறுப்புச் சேணத்தையே போட்டுக்கொண்டாள். முற்றத்தில் நிறுத்திப் பார்த்தாள். கறுப்பில் அது நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் கறுப்புப் பூட்ஸுக்கு அளவு கொடுத்தாள்.